மரத்து மகனுக்கு எண்ணெய் வைத்தவள்

1

கண்ணாடி போட்டுவிட்டார்கள். நேற்று இரண்டு பேர் வந்து சிலையைச் சுற்றி நான்கு பக்கமும் பூட்டிவிட்டுப் போனார்கள். இன்று காலை அந்தக் கண்ணாடியை முதன்முதலில் துடைத்தவன் நான்தான். தேவாலயத்தைத் திறப்பது, கூட்டுவது, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவது, பின்னேரம் பூட்டுவது எல்லாம் என் வேலை. பதினெட்டு வருடமாகக் கதவுகளின் திறப்புக் கோர்வை என் இடுப்பில் தொங்குகிறது. திருநீறு பூசுகிறவனுக்கு லூதரன் கோயிலில் உத்தியோகமா என்று ஊரில் சிலர் பகிடி பண்ணுவது எனக்குத் தெரியும். பண்ணுங்கள், குளிர்காலத்தில் உள்ளே சூடு இருக்கிறது, எனக்கு அது போதும்.

நான் இருக்கும் நகரத்தின் பெயர் வேண்டாம். பீலெஃபெல்டிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அவள்தான். ரயில் நிலையத்துப் பலகையில் இருப்பாள். பேருந்துகளின் பக்கவாட்டில், வெதுப்பகத்தின் கடதாசிப் பையில், உதைபந்தாட்டக் கழகத்தின் கொடியில், குப்பை அள்ளும் வண்டியில்கூட இருப்பாள். மடியில் செத்த மகனைக் கிடத்தி வைத்திருக்கும் ஒரு தாய். நம்முடைய கத்தோலிக்கர் வியாகுல மாதா என்பார்கள். இந்த ஊர்க்காரர் 'ஊமைப் பெண்' என்கிறார்கள், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், சத்தம் வராது என்பதால்.

பதினான்காம் நூற்றாண்டில் யாரோ பெயர் தெரியாத ஒருவர் லிண்டன் மரத்தில் செதுக்கியது. அழகான சிலை என்று சொல்ல மாட்டேன். மகனின் விலா எலும்புகளை எண்ணலாம். காயங்களிலிருந்து வழியும் இரத்தம் திராட்சைக் குலை போலத் திரண்டு நிற்கும். அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்து வீட்டுக்கு வீடு பிணம் கிடந்தபோது, ஆறுதலான முகத்தோடு ஒரு கடவுளைச் செய்து கொடுத்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று வழிகாட்டி அம்மா சுற்றுலாக்காரருக்குச் சொல்வார். அது உண்மையாக இருக்கலாம்.

லூதரன் ஆட்கள் மாதாவைக் கும்பிடுவதில்லை. மெழுகுதிரி கொளுத்துவதில்லை, நேர்த்தி வைப்பதில்லை. இந்த ஊரில் பாதிப்பேர் கோயில் பக்கமே வருவதில்லை. ஆனாலும் அவளைத் தொட்டால் ஊர் கொதிக்கும். கும்பிடாத ஒரு சிலைமேல் இவ்வளவு பிடிப்பு ஏன் என்று விளங்க எனக்கு வருடங்கள் எடுத்தன. போரில் குண்டு விழுந்து ஊர் முழுதும் எரிந்திருக்கிறது. அதற்கு முன்பே நாலைந்து பேர் இவளை பியர் வண்டியில் ஏற்றி, ஒரு நிலவறையில் கிழங்குக் குவியலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள். சாம்பலுக்குள் மிஞ்சிய பழைய பொருள் இவள் ஒருத்திதான். இன்று நிற்கும் வீடெல்லாம் பிறகு கட்டியவை. நாங்கள் பழைய நகரம், நாங்கள் துக்கம் கண்டவர்கள் என்று சொல்ல அவர்களிடம் வேறு சாட்சி இல்லை. அந்தக் குண்டுகள் ஏன் விழுந்தன என்ற கதையை மட்டும் அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாயில்லை. கதையில் பாதியை விழுங்குவதில் நானும் குறைந்தவனில்லை.

எங்களுக்குக் குடியுரிமை கிடைத்த நாளில் நகரசபை மண்டபத்தில் ஆளுக்கொரு படம் தந்தார்கள். ஊமைப் பெண்ணின் படம். "இன்றிலிருந்து இவள் உங்களுக்கும் சொந்தம்" என்று கைகுலுக்கிச் சொன்னார் அதிகாரி. அந்த வசனத்தை என் மனைவி சுகந்திக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனும் நான்தான்.

2

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அபிரா. இளையவன் நிருஜன். மூன்று வருடத்துக்கு முன் நிருஜன் மின்சார வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் இரண்டாம் வருடம் இருந்தான். காலையில் சைக்கிளில் போனவனை, சந்தியில் வலப்பக்கம் திரும்பிய பாரவண்டி கவனிக்கவில்லை. பத்தொன்பது வயது. இதைவிட விரிவாக எழுத எனக்கு ஏலாது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவரைக் கிடத்தி, தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டுவோம். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். கடைசியாகத் தொடுவது அதுதான். சுகந்தி அன்றைக்கே நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

இங்கே இந்தக் காரியங்களைப் பார்ப்பவரை பெஸ்டாட்டர் என்பார்கள். அவரிடம் போனது நானும் அபிராவும். மெதுவாகப் பேசுகிற, வயதான மனிதர். முகத்தில் பெரிய காயமில்லை, உடம்பின் கீழ்ப்பக்கம்தான் என்றார். "நீங்கள் விரும்பினால் குடும்பத்தவரே கழுவி உடுப்பாட்டலாம். எங்களிடம் அதற்கென்று அறை இருக்கிறது. நான் பக்கத்தில் நிற்பேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. படிவத்தில் அந்த இடத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

காருக்கு வரும்போது அபிரா கேட்டாள். "அப்பா, அம்மாட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே?"

"கேட்டால் அவ ஓம் எண்டுவா. பிறகு நானும் அந்த அறைக்குள்ளை நிக்கவேணும். எனக்கு ஏலாது பிள்ளை."

வீட்டில் சுகந்தி உடுப்பு மாற்றி ஆயத்தமாக நின்றாள். "இஞ்சை சட்டம் விடாதாம்" என்றேன். உடனே நம்பினாள். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை புல்லு வெட்ட முடியாது, கண்ணாடிப் போத்தலைத் தொட்டியில் போட முடியாது. பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் வைக்கவும் முடியாது என்றால் அதுவும் அந்த வரிசையில் ஒன்று. அவள் பார்த்தது பூட்டிய பெட்டியை மட்டும். போத்தலை எடுத்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தாள்.

அபிரா தாயிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னோடு தமிழில் பேசுவதை விட்டுவிட்டாள். தாயோடு தமிழ், என்னோடு டொச், அதாவது ஜெர்மன். "பிள்ளையள் தமிழை விட்டிட்டுதுகள்" என்று தமிழ்க் கடையில் மற்றவர்கள் குறைப்படும்போது நானும் சேர்ந்து தலையாட்டுவேன். என் மகளுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அதை எனக்குத் தரத்தான் அவளுக்கு விருப்பமில்லை.

3

சுகந்தி முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் பகலோடு வேலை முடியும். அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு வரத் தொடங்கினாள். நான் கூட்டிக்கொண்டு நிற்பேன், அவள் வந்து சிலைக்கு முன்னால் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பாள். என்னோடு கதைக்க மாட்டாள். நானும் கிட்டப் போக மாட்டேன்.

எங்கள் பாதிரியார் ஒரு பெண், நல்ல மனுஷி. இவள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு மெத்தை கொண்டுவந்து வாங்கில் போட்டுக் கொடுத்தார். "உங்கள் மனைவி எவ்வளவு அமைதியாகத் தியானிக்கிறார்" என்று என்னிடம் சொன்னார். இந்தக் கோயிலில் அந்தச் சிலையை ஒருவர் வெறும் சிலையாகப் பார்க்காமல் இருப்பதே அவருக்குச் சந்தோஷம். சுகந்தி தனக்குத் தெரிந்த டொச்சில் "எனக்கு இங்கே நல்லம்" என்பாள். அதற்கு மேல் அவளுக்கு வராது, யாரும் கேட்கவும் இல்லை.

சிலையைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. சுற்றியுள்ள கல்நிலத்தை மட்டும் துடைக்கலாம். போன குளிர்காலம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் துடைக்கும்போது கல்லில் ஒரு சொட்டு மினுங்கியது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய். நிமிர்ந்து பார்த்தால் மகனின் பாதம் கொஞ்சம் கறுத்திருந்தது.

இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் போகும் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் எண்ணெய்க்காப்பு நடக்கும். ஐயர்மார் மட்டும் தொடுகிற விக்கிரகத்தை அன்றைக்கு மட்டும் யாரும் தொட்டு எண்ணெய் சாத்தலாம். சுகந்தியும் ஒருமுறை மணிக்கணக்காக வரிசையில் நின்று சாத்தியிருக்கிறாள். அதைத்தான் இங்கேயும் செய்கிறாள், இந்தத் தாயையும் அம்மனாக எண்ணிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறைக்காமல் சொல்லியிருப்பாள். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. துணியை நனைத்து அந்தச் சொட்டைத் துடைத்தேன். அடுத்த சனியும் துடைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் துடைத்தேன்.

4

வருடம் ஒருமுறை சிலைகளைப் பார்வையிட வருபவர்கள் அந்த எண்ணெயைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையின் முன்பக்கம் முழுக்க ஊமைப் பெண்தான். தாக்குதல் என்று எழுதினார்கள். போலீஸ் வந்து என்னிடமும் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. கோயில் வாசலில் சனம் பூக்கொத்து வைத்தது. செத்த வீட்டுக்கு வருவதுபோல வந்து, மூடிக் கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெதுப்பகத்தில் வேலை செய்யும் பெண் கண் கலங்கிக்கொண்டு பாணை நீட்டினாள். என் பிள்ளை செத்தபோது இதே கடைக்கு நான் போயிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் குறை சொல்ல முடியாது.

பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள் என்று.

சிலையைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட பட்டறையில்தான் அபிரா பயிற்சியில் இருந்தாள். இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வேலை முடிக்கும்வரை அந்தச் சிலைக்குப் பக்கத்திலிருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளை அவள். பழைய மரச் சிலைகளைப் பேணுவதைப் படிப்பாக எடுத்ததே அதனால்தான்.

இரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு தமிழில்.

"அப்பா, பெட்டியைத் திறக்கவே நல்லெண்ணெய் மணந்தது. அம்மாதான் எண்டு எனக்கு உடனை விளங்கிட்டுது."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மா அம்மனுக்குச் செய்யிற மாதிரிச் செய்திட்டா எண்டு நினைக்கிறியள், என்ன? நான் விளக்குப் பிடிச்சு முழுக்கப் பாத்தனான். தாயிலை ஒரு துளி இல்லை அப்பா. எல்லாம் மகனிலைதான். உச்சந்தலையிலை, நெஞ்சிலை, காலிலை. விரலாலை தேய்ச்சுத் தேய்ச்சுப் பழைய வர்ணம் உதிர்ந்து போச்சு. அடியிலை இருக்கிற சுண்ணாம்பு எண்ணெயைக் குடிச்சிட்டுது. அதைத் திருப்பி எடுக்க ஏலாது."

"ஆரிட்டையும் சொன்னனியோ?"

"என்ரை மேலதிகாரிட்டைச் சொல்லிட்டன். பொய் எழுத மாட்டன். அம்மாட்டை நீங்கள் சொல்லுங்கோ. அதையாவது சொல்லுங்கோ."

சுகந்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"ஓம், நான்தான். அவனுக்கு வைக்கச் சட்டம் விடேல்லை எண்டியள். இவனைத் தொட ஒருத்தரும் மறிக்கேல்லை. அதுதான் இவனுக்கு வைச்சன்." பிறகு ஒரு சட்டையை உதறி மடித்துவிட்டுச் சொன்னாள். "அறுகம்புல்லுக்கு எங்கை போறது? விரலாலைதான் வைச்சன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சட்டம் ஒன்றும் மறிக்கவில்லை, மறித்தது நான் என்று சொல்ல ஒரு வசனம் போதும். நான் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

5

இரண்டு கிழமை கழித்து விசாரணைக்குத் தெர்மின், வரவேண்டிய நாளும் நேரமும், தந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூட்ட அறையில் பாதிரியாரும், சபையார் மூவரும், பழம்பொருள் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். மொழிபெயர்க்க அபிரா வந்திருந்தாள். சுகந்தி சேலை கட்டியிருந்தாள். கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போகும்போதும் அப்படித்தான் கட்டுவாள்.

அதிகாரி படங்களை மேசையில் பரப்பினார். மகனின் பாதத்தில் வர்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது. அவர் கத்தவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது. "இது தனிப்பட்ட ஒருவரின் பொருள் அல்ல. அறுநூறு வருடமாக இந்த நகரத்தின் முகம். குண்டுக்குத் தப்பியது இதற்குத் தப்பவில்லை."

அபிரா சொன்னாள். சுகந்தி கவனமாகக் கேட்டாள்.

"அவையின்ரை முகத்திலை நான் கை வைக்கேல்லை எண்டு சொல்லு. அந்தத் தாயை நான் தொடவே இல்லை. அவ தன்ரை பிள்ளையை மடியிலை வைச்சிருக்கிறா. நான் என்ரை பிள்ளையைப் பெட்டியிலைதான் பாத்தனான். எங்கடை ஆக்கள் எண்ணெய் வைச்சுத்தான் அனுப்புறது. இந்த நாட்டிலை அது ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். அதாலை வைச்சன். பழுதாப் போகும் எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தால் வைச்சிருக்க மாட்டன் எண்டும் எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

அபிரா ஒரு சொல் விடாமல் டொச்சில் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சபையாரில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் பாதிரியார் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். எழும்பி வந்து சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனால் இங்கே அது ஏலும். குடும்பத்தவர் கழுவலாம், எண்ணெய் வைக்கலாம், எல்லாம் செய்யலாம். எத்தனையோ குடும்பங்களோடு நானே நின்றிருக்கிறேன். உங்களிடம் யாருமே கேட்கவில்லையா?" என்றார்.

அபிரா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்லுறா?" என்றாள் சுகந்தி.

அபிரா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இதை நீங்கள் சொல்லுங்கோ. நான் மூண்டு வருஷம் வைச்சிருந்தது போதும்."

எனக்கு முன்னால் தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "இஞ்சை ஏலுமாம். உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

"கேட்டவையோ?"

"ஓம்."

"ஆரிட்டை?"

"என்னட்டை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டனான்."

அவள் அழுவாள், எழும்பி வெளியே போவாள், எனக்கு அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் பாதிரியாரின் கையை மெதுவாக விடுவித்துவிட்டு, அதிகாரியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த டொச்சில் தானே சொன்னாள். "சிலைக்கு மன்னிப்பு. என் பிழை." அறையில் இருந்த எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது. அதிகாரிகூடத் தலையைக் குனிந்தார். அங்கே மன்னிப்புக் கேட்க வேண்டியவன் ஒருவன்தான் இருந்தான், அவன் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

6

வழக்குப் போடவில்லை. பத்திரிகை இந்த முறை 'ஒரு தாயின் துயரம்' என்று எழுதியது, பெயர் போடாமல். ஊருக்கு அந்தக் கதை நன்றாகப் பிடித்துப்போயிற்று. வாசலில் திரும்பவும் பூ வைத்தார்கள். சிலை திரும்பி வந்த பிறகு வழிகாட்டி அம்மா சுற்றுலாக்காரரிடம் சொல்வதை நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கொள்ளைநோய்க் காலத்துத் தாய்மார், போர்க்காலத்துத் தாய்மார், இப்போது தூரதேசத்திலிருந்து வந்த ஒரு தாய், எல்லோரும் இந்த மடியில்தான் ஆறுதல் தேடியிருக்கிறார்கள் என்றார். பாதத்தில் வர்ணம் போன இடத்தையும் காட்டினார். வந்தவர்கள் படம் எடுத்தார்கள். இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில் எங்கள் வீடும் ஒரு வரியாகிவிட்டது, என் பங்கு அதில் இல்லை.

சுகந்தி இப்போது கோயிலுக்கு வருவதில்லை. வீட்டில் சமைக்கிறாள், சாப்பிடக் கூப்பிடுகிறாள், மின்சாரக் கட்டணக் கடிதம் வந்தால் வாசிக்கத் தருகிறாள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் இரண்டு தடவை தொடங்கினேன். "விடுங்கோ" என்றாள். விட்டதாக அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

போன ஞாயிறு அபிரா வந்திருந்தாள். தாயும் மகளும் குசினி மேசையில் ஒரு படிவத்தை விரித்து வைத்து அரை நாள் குந்தியிருந்தார்கள். நான் அறைக்குள் இருந்தேன். தாய் தமிழில் சொல்வதும், மகள் டொச்சில் எழுதுவதும் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. பின்னேரம் சுகந்தி அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"உங்கடை டொச்தானே திறம். வாசிச்சுப் பாருங்கோ, அவைக்கு விளங்கிற மாதிரி இருக்கோ எண்டு."

இங்கே உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் படிவம் அது, செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று. எரிப்பதா புதைப்பதா, பூ என்ன நிறம், பாட்டு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். உடலைக் குடும்பத்தவர் கழுவ விரும்புகிறார்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தில் புள்ளடி. கடைசியில் 'ஏனைய விருப்பங்கள்' என்ற இடத்தில் அபிராவின் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'என் மகள் என்னைக் குளிப்பாட்டி எண்ணெய் வைப்பாள். என் கணவர் என்னைத் தொடக் கூடாது.'

நான் இரண்டு முறை வாசித்தேன். சுகந்தி காத்துக்கொண்டு நின்றாள்.

"விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

தாளை வாங்கிக்கொண்டு போனாள்.